வீட்டு ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் யாருக்கெல்லாம் திறக்கிறது என்று சரிபார்ப்பது எப்படி

ஒரு வீட்டு ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. வைஃபையில் இணைவதற்கான முதலாவதை வீட்டில் எல்லோரும் அறிவார்கள். வருகிற விருந்தினருக்கும் தயங்காமல் சொல்லுவோம். ரவுட்டரின் அமைப்புகளையே மாற்றவல்ல நிர்வாகப் பக்கத்துக்கான இரண்டாவது எது என்று கேட்டால் பல வீடுகளில் பதில் கிடைக்காது. இணைப்புக் கொடுக்க வந்தவர் எதை வைத்துவிட்டுப் போனாரோ அதுவே ஆண்டுக்கணக்கில் அங்கே இருக்கும். வைஃபை கடவுச்சொல்லை அவ்வப்போது மாற்றுகிறவர்கள்கூட இதைத் தொடுவதில்லை. ஆனால் இரண்டில் எதற்கு அதிகாரம் அதிகம் என்றால் ஐயமின்றி இதற்குத்தான். முதலாவதை அறிந்தவர் உங்கள் இணைப்பைப் பயன்படுத்தலாம். இரண்டாவதை அறிந்தவரோ உங்கள் வீட்டுக் கருவிகள் எல்லாம் யாரிடம் வழி கேட்டு இணையத்துக்குள் போக வேண்டும் என்பதையே தீர்மானிக்கலாம்.

வழி கேட்பது என்று இங்கே சொல்வது டிஎன்எஸ் என்னும் ஏற்பாட்டைத்தான். நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டும்போது அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைச் சொல்லுகிற வழங்கி எது என்பதை வழக்கமாக ரவுட்டரே ஒவ்வொரு கருவிக்கும் தெரிவிக்கிறது. அந்த ஒற்றைப் புலத்தில் வேறொரு முகவரியை எழுதிவிட்டால், வீட்டிலுள்ள எந்தக் கணினியிலும் எந்த வைரஸும் இல்லாமலேயே எல்லோரையும் தவறான இடத்துக்கு அனுப்ப முடியும். இப்படி நடந்தும் இருக்கிறது. டிஎன்எஸ் சேஞ்சர் என்ற தீநிரல் 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளைப் பாதித்தது. அதை இயக்கிய கும்பலை அமெரிக்காவின் எஃப்பிஐ 2011 நவம்பரில் முடக்கியது. கணினியின் அமைப்பை மாற்றுவதோடு நிற்காமல், ரவுட்டர்களில் தொழிற்சாலை கொடுத்த பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் முயன்று பார்த்து உள்ளே நுழைந்து அங்கேயும் டிஎன்எஸ் முகவரியை மாற்ற அது முற்பட்டது. பாதிக்கப்பட்டவர்களின் இணைப்பு அறுந்துபோகாமலிருக்கத் தற்காலிகமாக நடத்தப்பட்ட மாற்று வழங்கிகள் 2012 ஜூலை 9 அன்று நிறுத்தப்பட்டன.

ஆகவே நாம் சரிபார்க்க வேண்டியது ஒன்றே: இந்த நிர்வாகப் பக்கம் யாருக்கு, எங்கிருந்து, எந்த வழியாகத் திறக்கிறது? அமைப்புப் பக்கத்தில் ஒரு பொத்தான் "அணைக்கப்பட்டது" என்று காட்டுவதை மட்டும் விடையாக ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கதவு பூட்டியிருக்கிறதா என்பதை வெளியே போய்த் தள்ளிப் பார்த்துத்தான் அறிய முடியும். அதற்கான முறையையும் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்தைக் கண்டுபிடித்து உள்ளே செல்லுதல்

முதலில் உங்கள் ரவுட்டரின் உள்முகவரி தேவை. பெரும்பாலும் அது 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும், 10.0.0.1 போன்றவையும் உண்டு. ஊகிக்க வேண்டியதில்லை, உங்கள் கருவியே சொல்லும். விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுத்தால் "டிஃபால்ட் கேட்வே" என்ற வரிக்கு எதிரே அது தெரியும். ஐஃபோனில் வைஃபை அமைப்பில் இணைந்திருக்கும் வலையமைப்பின் விவரங்களைத் திறந்தால் "ரவுட்டர்" என்ற வரியில் இருக்கும்; ஆண்ட்ராய்டிலும் அதே இடத்தில் வலையமைப்பு விவரங்களுக்குள் "கேட்வே" என்று இருக்கும். அந்த எண்ணை உலாவியின் முகவரிப் பட்டையில் நேரடியாகத் தட்டுங்கள். தேடுபொறியில் ரவுட்டரின் பெயரைப் போட்டுத் தேடி, வருகிற முதல் தளத்தில் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்; நுழைவுப் பக்கத்தைப் போல வேடமிட்ட தளங்கள் இருக்கின்றன.

வீட்டில் இரண்டு பெட்டிகள் இருக்கலாம் என்பதை இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள். இணைப்பு நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கி அதனுடன் இணைத்த வைஃபை ரவுட்டர் ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி நிர்வாகப் பக்கம் உண்டு. நாம் வாங்கியதை மட்டும் கவனமாகப் பார்த்துவிட்டு மற்றதை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. இணையத்தை நேரடியாகப் பார்த்து நிற்பது அந்த மறந்துபோன பெட்டியாகவே இருக்கக்கூடும். கீழே சொல்லும் ஒவ்வொரு சோதனையையும் இரண்டுக்கும் செய்யுங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன், "பேக்கப்" அல்லது "சேவ் கான்ஃபிகரேஷன்" என்ற வசதி இருந்தால் தற்போதைய அமைப்பை ஒரு கோப்பாக உங்கள் கணினியில் சேமித்துக்கொள்ளுங்கள். பல ரவுட்டர்களில் இந்தக் கோப்புக்குள் இணைப்பின் பயனர்பெயரும் கடவுச்சொற்களும் அடங்கியிருக்கும். ஆதலால் அதை மின்னஞ்சலில் யாருக்கும் அனுப்பக் கூடாது. தவறி ஏதாவது குழம்பிவிட்டால் மீண்டும் தொடங்குவதற்கு வேண்டிய இணைப்பு விவரங்களையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குகளும் கடவுச்சொல்லும்

நுழையும்போதே முதல் சோதனை தொடங்கிவிடுகிறது. "அட்மின்" என்ற பயனர்பெயரும் "அட்மின்" அல்லது "பாஸ்வேர்ட்" என்ற கடவுச்சொல்லும் உங்களை உள்ளே விட்டால், அவை உலகம் முழுவதற்கும் தெரிந்தவை என்று பொருள். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், இப்படிப்பட்ட சுமார் 60 பெயர்–கடவுச்சொல் இணைகள் அடங்கிய ஒரு சிறு பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, இணையத்தை நோக்கித் திறந்திருந்த கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் பதிவுக் கருவிகளிலும் நுழைந்தது. அவ்வாறு வசப்படுத்திய கருவிகளின் படையைக் கொண்டுதான் அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் சேவையைத் தாக்கி, பெரிய தளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் அணுக முடியாமல் செய்தார்கள். நுட்பமான உடைப்பு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. சாவி எல்லார் வீட்டிலும் ஒன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அண்மைக் காலத்தில் விற்கப்படும் ரவுட்டர்கள் பலவற்றில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியான கடவுச்சொல் அடிப்பகுதியிலுள்ள ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும். கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி 1 முதலும் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதலும் நடைமுறைக்கு வந்த சட்டங்கள் எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான கடவுச்சொல்லோடு இத்தகைய கருவிகள் விற்கப்படுவதைத் தடுக்கின்றன. ஒட்டுத்தாள் கடவுச்சொல் பொதுவான ஒன்றைவிட மிக நல்லது. ஆனாலும் வீட்டுக்கு வந்து பெட்டியைக் கையில் எடுத்தவர் எவரும் அதைப் படித்திருக்கலாம். ஆகவே அதையும் மாற்றிவிடுவதையே நான் பரிந்துரைக்கிறேன். புதியது நீளமாக, வேறெங்கும் பயன்படுத்தாததாக, வைஃபை கடவுச்சொல்லிலிருந்து முற்றிலும் வேறானதாக இருக்கட்டும். இதை அன்றாடம் தட்டப்போவதில்லை என்பதால் எளிதில் நினைவில் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; கடவுச்சொல் மேலாளர் செயலியிலோ, பூட்டி வைக்கும் குறிப்பேட்டிலோ பதிந்தால் போதும்.

மாற்றியவுடன் வெளியேறி, உலாவியில் ஒரு தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து, முதலில் பழைய கடவுச்சொல்லால் நுழைய முயலுங்கள். அது மறுக்கப்பட வேண்டும். பிறகு புதியதால் நுழையுங்கள். சில பழைய மாதிரிகள் நீண்ட கடவுச்சொல்லை ஏற்பதில்லை. அவ்வாறு இருந்தால் இந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்து "அக்கவுன்ட்ஸ்", "யூசர் மேனேஜ்மென்ட்" போன்ற பகுதிக்குச் சென்று எத்தனை கணக்குகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். இணைப்பு நிறுவனங்கள் கொடுக்கும் பெட்டிகளில் வீட்டுக்காரருக்கு ஒரு குறைந்த அதிகாரக் கணக்கும், நிறுவனத்துக்கு ஒரு முழு அதிகாரக் கணக்கும் இருப்பதுண்டு. "யூசர்", "சப்போர்ட்" போன்ற பெயர்களில் கூடுதல் கணக்குகள் இருந்தால், தேவையற்றவற்றை நீக்குங்கள். நீக்க முடியாதவற்றின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதுவும் உங்கள் கணக்குக்கு அனுமதிக்கப்படவில்லை என்றால் நிறுவனத்தை அழைத்து, அந்தக் கணக்கு வெளியிலிருந்து பயன்படுத்தப்படுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வெளியிலிருந்து வரும் வழி

இதுதான் முதன்மையான பகுதி. வெளியூரில் இருந்தபடி ரவுட்டரை நிர்வகிக்கும் வசதிக்கு "ரிமோட் மேனேஜ்மென்ட்", "ரிமோட் அக்சஸ்", "வெப் அக்சஸ் ஃப்ரம் வேன்" என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயரை வைத்திருக்கிறது. "அட்மினிஸ்ட்ரேஷன்", "சிஸ்டம் டூல்ஸ்", "செக்யூரிட்டி", "அட்வான்ஸ்டு" ஆகிய பட்டியல்களில் ஏதாவது ஒன்றுக்குள் அது இருக்கும். வேன் என்றால் இணையத்தை நோக்கிய வெளிப்பக்கம். லேன் என்றால் வீட்டுக்குள் இருக்கும் பக்கம். இந்த இரண்டு சொற்களையும் மாற்றிப் புரிந்துகொண்டால் திறக்க வேண்டியதை மூடி, மூட வேண்டியதைத் திறந்துவிடுவோம். வீட்டுப் பயன்பாட்டில் வெளிப்பக்க நிர்வாகம் ஏறக்குறைய எவருக்கும் தேவைப்படுவதில்லை, அணைத்துவிடுங்கள்.

அணைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில ரவுட்டர்களில் தனிப் பொத்தான் இருக்காது. எந்த வெளிமுகவரியிலிருந்து நுழையலாம் என்று கேட்கும் ஒரு புலம் மட்டுமே இருக்கும். பழைய டிபி-லிங்க் மாதிரிகள் பலவற்றில் அந்தப் புலத்தில் 0.0.0.0 என்று இருந்தால் வசதி அணைந்திருக்கிறது என்று பொருள், 255.255.255.255 என்று இருந்தால் இணையத்திலுள்ள எவரும் வரலாம் என்று பொருள். வேறு பல கருவிகளிலோ 0.0.0.0 என்பதே "எந்த முகவரியும்" என்பதைக் குறிக்கும். ஒரே எண் ஒரு பெட்டியில் பூட்டாகவும் இன்னொன்றில் திறப்பாகவும் இருப்பதால், பழைய ரவுட்டரின் பழக்கத்தை வைத்துப் புதியதை முடிவு செய்யக் கூடாது. அந்தப் பக்கத்திலேயே உள்ள உதவிக் குறிப்பைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அதே பகுதியில், தொலைவிலிருந்து ரவுட்டருக்குக் கட்டளை கொடுக்கவோ அதைக் கண்காணிக்கவோ உதவும் வழிகளான டெல்நெட், எஸ்எஸ்எச், எஸ்என்எம்பி என்ற பெயர்களையும் தேடுங்கள். டெல்நெட் கடவுச்சொல் உட்பட எல்லாவற்றையும் மறையாக்கம் செய்யாமல் அனுப்புவது. மிராய் முதன்மையாகத் தட்டிப் பார்த்த கதவும் இதுவே. இதை உள்பக்கத்துக்கும் சேர்த்தே அணைத்துவிடலாம். எஸ்எஸ்எச் பாதுகாப்பான வழிதான் என்றாலும் பயன்படுத்தாதவருக்கு அது வேண்டியதில்லை. எஸ்என்எம்பி இருந்தால் அணையுங்கள்.

கைபேசிச் செயலியின் மூலம் ரவுட்டரை நிர்வகிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தயாரிப்பு நிறுவனத்தின் மேகக் கணக்கோடு ரவுட்டர் பிணைக்கப்பட்டிருந்தால், வெளிப்பக்க நிர்வாகம் அணைந்திருந்தாலும் அந்தக் கணக்கின் வழியாக எங்கிருந்தும் நுழைய முடியும், ஏனெனில் ரவுட்டரே வெளியே சென்று நிறுவனத்தின் வழங்கியோடு தொடர்பை ஏற்படுத்தி வைத்திருக்கிறது. இப்போது உங்கள் நிர்வாகக் கடவுச்சொல்லுக்கு நிகரானது அந்த மேகக் கணக்கின் கடவுச்சொல். அதில் இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் இயக்குங்கள். நுழைந்திருக்கும் கைபேசிகளின் பட்டியலில் பழைய, விற்றுவிட்ட, பிறருக்குக் கொடுத்துவிட்ட கைபேசிகள் இருந்தால் நீக்குங்கள். செயலியை ஒருமுறை நிறுவியதோடு சரி, அதன் பிறகு திறந்ததே இல்லை என்றால் பிணைப்பையே துண்டித்துவிடுவது நல்லது.

இணைப்பு நிறுவனம் தன் பெட்டிகளைத் தொலைவிலிருந்து பராமரிக்கப் பயன்படுத்தும் டிஆர்-069 என்ற வழிமுறை தனி வகை. சிடபிள்யூஎம்பி என்ற பெயரிலும் இது காணப்படும். வழக்கமாக 7547 என்ற போர்ட்டில், அதாவது ஒரே முகவரிக்குள் வெவ்வேறு சேவைகளுக்கென எண்ணிட்ட வாசல்களில் ஒன்றில், காத்திருக்கும். 2016 நவம்பரில் இந்தப் போர்ட்டை நோக்கி மிராயின் ஒரு வகை நடத்திய தாக்குதலின்போது ஜெர்மனியில் டாய்ச்சே டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு தடைப்பட்டது. நீங்களே வாங்கிய ரவுட்டரில் இது இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடலாம். நிறுவனம் கொடுத்த பெட்டியில் அணைத்தால் தொலைபேசி, தொலைக்காட்சிச் சேவைகளும் ஃபர்ம்வேர் (பெட்டியை இயக்கும் உள்மென்பொருள்) புதுப்பிப்பும் நின்றுபோகக்கூடும் என்பதால், கேட்காமல் தொட வேண்டாம்; நிறுவனத்தின் வழங்கி மட்டுமே அந்தப் போர்ட்டை அணுகும்படி கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளியே நின்று தள்ளிப் பார்த்தல்

ரவுட்டரின் "ஸ்டேட்டஸ்" பக்கத்தில் வேன் ஐபி முகவரி என்று ஒரு எண் இருக்கும். அது 10 என்று தொடங்கினாலும், 192.168 என்று தொடங்கினாலும், 172.16 முதல் 172.31 வரை அமைந்தாலும், அது தனிமுகவரி. உங்களுக்கு முன்னால் இன்னொரு பெட்டியோ நிறுவனத்தின் பெரிய பகிர்வுக் கருவியோ நிற்கிறது. 100.64 முதல் 100.127 வரை என்றால், பல வீடுகளுக்கு ஒரே பொதுமுகவரியைப் பகிர்ந்து தரும் ஏற்பாட்டுக்காக 2012-இல் ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தது. இத்தகைய நிலையில், இதுவரை பார்த்த எண்முகவரிகளின் பழைய முறையான ஐபிவி4 வழியாக வெளியிலிருந்து உங்கள் ரவுட்டரை நேராக எட்டுவது பொதுவாக இயலாது. அதற்காக மற்றச் சோதனைகளை விட்டுவிடக் கூடாது. நிறுவனம் தன் ஏற்பாட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையின் வழியும் இருக்கிறது.

பொதுமுகவரி என்றால் அதைக் குறித்துக்கொண்டு, கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் இருக்கிறீர்கள் என்பதை உறுதி செய்யுங்கள். இந்தப் படியைத் தவறவிட்டால் சோதனையே பொருளற்றுப்போகும். வீட்டு வைஃபையில் இருந்தபடி உங்கள் பொதுமுகவரியைத் தட்டினால், பல ரவுட்டர்கள் அந்தக் கோரிக்கையை வெளியே அனுப்பாமல் உள்ளேயே திருப்பிவிட்டு, வீட்டுக்காரர்தானே என்று நுழைவுப் பக்கத்தைக் காட்டிவிடும். அதைப் பார்த்துப் பதறியவர்களை அறிவேன். உண்மையில் அங்கே வெளிக்கதவு மூடித்தான் இருந்தது.

கைபேசி உலாவியில் அந்த எண்ணை முதலில் எச்டிடிபி முறையிலும் (முன்னால் http:// இட்டு) அடுத்து மறையாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ் முறையிலும் (https:// இட்டு) திறந்து பாருங்கள். பின்னர் எண்ணுக்குப் பின்னால் முக்காற்புள்ளி இட்டு 8080, 8443 என்ற போர்ட் எண்களைச் சேர்த்துப் பாருங்கள். வெளிப்பக்க நிர்வாகப் பகுதியில் வேறு போர்ட் எண் எழுதப்பட்டிருந்தால் அதையும் கட்டாயம் முயலுங்கள், ஏனென்றால் சில நிறுவனங்கள் 80 போன்ற வழக்கமான போர்ட்டுகளைத் தங்கள் அளவிலேயே தடுத்துவிடுவதால் அவற்றில் கிடைக்கும் அமைதி உங்கள் ரவுட்டரைப் பற்றி எதையும் நிரூபிக்காது. பக்கம் நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு நேரம் கடந்ததாகச் சொன்னால் நல்லது. இணைப்பு உடனே மறுக்கப்பட்டதாகச் சொன்னாலும் அந்தப் போர்ட் மூடியிருக்கிறது என்றே பொருள். நுழைவுப் பக்கம் வந்தால் திரும்பிச் சென்று அமைப்பைத் தேட வேண்டும். ரவுட்டருடையது அல்லாத வேறு ஏதோ பக்கம், சான்றாக ஒரு கேமராவின் நுழைவுப் பக்கம், வந்தால் யாரோ அல்லது ஏதோ ஒரு செயலி வெளியிலிருந்து அந்தக் கருவிக்கு நேராக ஒரு வழியைத் திறந்துவைத்திருக்கிறது; இதைத்தான் வழிதிறப்பு என்கிறேன். அதைப் பற்றி அடுத்துப் பார்ப்போம்.

பொதுமுகவரி அவ்வப்போது மாறக்கூடியது. ஆகவே குறித்த உடனே சோதியுங்கள். நேற்று எழுதிவைத்த எண்ணை இன்று தட்டினால் முன்பின் அறியாத ஒருவரின் ரவுட்டரைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். அது முறையன்று.

ஐபிவி6 இருக்கும் வீடுகளில் இன்னும் ஒரு படி உண்டு. ஐபிவி4-இல் வீட்டுக் கருவிகள் ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் மறைந்திருப்பதைப் போல இங்கே மறைவு கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் உலகறிந்த முகவரி கிடைக்கிறது, காவலாக நிற்பது ஃபயர்வால் மட்டுமே. ரவுட்டரில் "ஐபிவி6 ஃபயர்வால்" இயங்குகிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்டேட்டஸ் பக்கத்தில் 2 அல்லது 3 என்று தொடங்கும் ரவுட்டரின் ஐபிவி6 முகவரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டு, ஐபிவி6 வசதியுள்ள மொபைல் டேட்டாவிலிருந்து அதே சோதனையைச் செய்யுங்கள். ஐபிவி4-இல் கச்சிதமாக மூடியிருந்த பெட்டி இங்கே திறந்திருக்கக்கூடும் என்பதால் இந்தப் படியை விடாமல் செய்ய வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்லுகிறேன்.

வழிதிறப்புகளும் யுபிஎன்பியும்

"போர்ட் ஃபார்வர்டிங்" அல்லது "விர்ச்சுவல் சர்வர்" என்ற அட்டவணையைத் திறந்து ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். ஒவ்வொன்றுக்கும் "இதை நான்தான் வைத்தேன், இன்னின்ன காரணத்துக்காக" என்று சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாதவற்றைக் குறித்துக்கொண்டு அணையுங்கள். சேர வேண்டிய இடமாக ரவுட்டரின் சொந்த உள்முகவரியே எழுதப்பட்டிருக்கும் வரி இருந்தால் அதுவே மிக மோசமானது. வெளிப்பக்க நிர்வாகப் பொத்தான் அணைந்திருந்தும் நுழைவுப் பக்கம் வெளியே தெரிவதற்கு அப்படிப்பட்ட ஒற்றை வரி போதும். வெளியிலிருந்து வருவதை எல்லாம் ஒரே கருவிக்குத் திருப்பிவிடும் "டிஎம்இசட்" (DMZ) என்ற பகுதியில் எந்த முகவரியும் இருக்கக் கூடாது.

யுபிஎன்பி என்பது வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் யாரையும் கேட்காமல் தாமே இத்தகைய வழிகளைத் திறந்துகொள்ள இடம்தரும் ஏற்பாடு. விளையாட்டுக் கருவிகளுக்கு அது வசதிதான். ஆனால் தீநிரல் புகுந்த ஒரு கருவிக்கும் அதே வசதி கிடைக்கிறது. ரேபிட்7 நிறுவனம் 2013 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், உள்பக்கத்துக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டிய இந்த ஏற்பாடு இணையத்திலிருந்து கேட்டாலும் பதில் சொன்ன 8 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் கண்டறியப்பட்டன. அணைத்துவிட்டு ஒரு வாரம் இருந்து பாருங்கள்; எதுவும் தடைப்படவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். அணைக்க முடியாத நிலை என்றால், அது திறந்து வைத்திருக்கும் போர்ட்டுகளின் பட்டியலையாவது அவ்வப்போது பாருங்கள்.

வீட்டுக்குள் யார் நுழையலாம்

வெளிக்கதவு மூடியிருந்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது, ஏனென்றால் வெளியிலிருப்பவர் உங்கள் உலாவியின் வழியாகவே உள்ளே கை நீட்ட முடியும். நிர்வாகப் பக்கத்தில் நுழைந்த நிலையிலேயே இன்னொரு தாவலில் வேறு தளங்களைப் பார்க்கும்போது, தீய நோக்கமுள்ள ஒரு தளம் உங்கள் உலாவியைக் கொண்டே ரவுட்டரின் உள்முகவரிக்கு ஓர் ஆணையை அனுப்பிவிடலாம். போதிய காப்பில்லாத ரவுட்டர் அதை நீங்கள் கொடுத்த ஆணையாகவே எடுத்துக்கொள்ளும். கடவுச்சொல் மாற்றப்படாத ரவுட்டராக இருந்தால் நீங்கள் நுழைந்திருக்க வேண்டிய தேவைகூட இருக்காது. வேலை முடிந்ததும் தாவலை மூடுவதோடு நில்லாமல் "லாக் அவுட்" செய்யுங்கள். செயலற்றிருந்தால் தானே வெளியேறும் நேரத்தை 5 அல்லது 10 நிமிடமாக வையுங்கள்.

"லோக்கல் மேனேஜ்மென்ட்" பகுதியில் எச்டிடிபிஎஸ் வழியை இயக்க முடிந்தால் இயக்குங்கள். டபிள்யூபிஏ2 என்னும் மறையாக்க முறையில் இயங்கும் வீட்டு வைஃபையில், அந்த வைஃபை கடவுச்சொல்லை அறிந்த ஒருவர் பிறர் இணையும் தருணத்தைப் பதிவு செய்துகொண்டால் அவர்களுடைய போக்குவரத்தைப் பிரித்துப் படிக்க இயலும். சாதாரண எச்டிடிபியில் செல்லும் நிர்வாகக் கடவுச்சொல் அதில் அகப்பட்டுவிடும். எச்டிடிபிஎஸ் இயக்கியதும் உலாவி சான்றிதழ் நம்பத்தக்கதன்று என்று எச்சரிக்கும். ரவுட்டர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழ் என்பதால் வரும் எச்சரிக்கை அது. முகவரிப் பட்டையில் இருப்பது உங்கள் ரவுட்டரின் உள்முகவரிதான் என்று பார்த்துக்கொண்டு தொடரலாம். வேறெந்தத் தளத்திலும் இதே எச்சரிக்கையைக் கடந்து செல்லும் பழக்கத்தை இதனால் ஏற்படுத்திக்கொள்ளாதீர்கள்.

விருந்தினருக்கென்று தனி வைஃபை வைத்திருந்தால், கைபேசியை அதில் இணைத்து ரவுட்டரின் உள்முகவரியைத் திறக்க முயலுங்கள். திறக்கக் கூடாது. திறந்தால், விருந்தினர் வலையமைப்பின் அமைப்பில் உள்வலையமைப்பை அணுக அனுமதிக்கும் குறி இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். குறிப்பிட்ட கணினியிலிருந்து மட்டும் அல்லது கேபிள் வழியாக மட்டும் நிர்வாகப் பக்கம் திறக்கும்படி கட்டுப்படுத்தும் வசதியும் சிலவற்றில் உண்டு. நல்ல வசதிதான், ஆனால் கேபிள் செருகும் இடமே இல்லாத மடிக்கணினியை மட்டும் வைத்திருப்பவர் அதை இயக்கினால் தம்மையே வெளியே பூட்டிக்கொள்வார். முழு மீட்டமைப்பு ஒன்றுதான் பிறகு வழி.

எவராவது ஏற்கெனவே நுழைந்திருந்தால்

டிஎன்எஸ் புலத்தை இருமுறை பார்க்க வேண்டும்: ஒன்று இணைய இணைப்புப் பகுதியில், மற்றொன்று வீட்டுக் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி பகுதியில். தானாகப் பெறுவது என்றோ, நீங்கள் தெரிந்தே வைத்த 1.1.1.1, 8.8.8.8 போன்ற பொதுச் சேவை என்றோ இருந்தால் சரி. அறியாத எண் இருந்தால் அது என்னவென்று நிறுவனத்திடம் கேளுங்கள். "சிஸ்டம் லாக்" பகுதியில் நீங்கள் நுழையாத நேரங்களில் நிர்வாகி நுழைந்ததாகப் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் பல வீட்டு ரவுட்டர்கள் மறுதொடக்கத்தோடு பதிவை இழந்துவிடும் என்பதால், பதிவில் ஒன்றும் இல்லை என்பதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

ஐயம் உறுதியானால் மறுதொடக்கம் மட்டும் போதாது. 2018 மே மாதம் வெளிச்சத்துக்கு வந்த விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களையும் சேமிப்புக் கருவிகளையும் பிடித்திருந்தது. அதன் முதல் கட்டப் பகுதி மறுதொடக்கத்தையும் தாண்டி நிலைத்தது. அப்போது எஃப்பிஐ மறுதொடக்கம் செய்யச் சொன்னதோடு, வெளிப்பக்க நிர்வாகத்தை அணைப்பதையும் வலுவான கடவுச்சொல் வைப்பதையும் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதையும் சேர்த்தே பரிந்துரைத்தது. ஆகவே ரீசெட் பொத்தானைக் கையேட்டில் சொல்லியபடி, பெரும்பாலும் சுமார் 10 விநாடி, அழுத்திப் பிடித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுசென்று, தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலிருந்து ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, அமைப்புகளைக் கையாலேயே மீண்டும் எழுதுங்கள். முன்பு சேமித்த கோப்பை மீட்டால், யாரோ செய்து வைத்த மாற்றங்களும் கூடவே திரும்பி வரும்.

மீட்டமைப்பு நடந்த பிறகு ரவுட்டர் தன் பழைய கடவுச்சொல்லுக்கும் பழைய பொத்தான் நிலைகளுக்கும் திரும்பியிருக்கும் என்பதால், கடவுச்சொல், கணக்குகள், வெளிப்பக்க நிர்வாகம், யுபிஎன்பி ஆகியவற்றை அன்றைக்கே மறுபடியும் பார்க்க வேண்டும். பழுது பார்க்க வந்தவர் பெட்டியைத் தொட்டுவிட்டுப் போன நாளிலும், ஃபர்ம்வேர் புதுப்பித்த நாளிலும் அதேபோல மொபைல் டேட்டாவிலிருந்து வெளிக்கதவை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். பார்த்த தேதியையும் ரவுட்டரின் ஃபர்ம்வேர் பதிப்பு எண்ணையும் கடவுச்சொல் எழுதிய அதே குறிப்பேட்டில் குறித்து வைத்தால், அடுத்த முறை எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும். தயாரிப்பு நிறுவனம் உங்கள் மாதிரிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டது என்று அதன் தளத்தில் கண்டால், மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்திருந்தாலும் அந்தப் பெட்டியை மாற்றுவதற்கு ஏற்பாடு செய்யத் தொடங்குங்கள்.